மீண்டும் எழுந்த களஞ்சியம்

நிலம் நல்ல விளைச்சல் தரவே, இருந்த களஞ்சியங்களை இடித்துவிட்டு இன்னும் பெரியனவாகக் கட்டத் திட்டமிட்ட செல்வன் ஒருவனை லூக்கா நற்செய்தியில் நாம் சந்திக்கிறோம். அவன் சேர்த்து வைத்தவை அவனுக்குப் பயன்படாமற் போயின என்பதோடு உவமை முடிந்துவிடுகிறது. அக்களஞ்சியங்கள் பிறகு என்னவாயின என்று நற்செய்தியாளர் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் இல்லை.

ஆயினும் செல்வம் கொழித்த காலத்தில் மனிதர் எழுப்பிய மாபெரும் களஞ்சியங்கள், அச்செல்வம் விலகிச் சென்ற பின் என்னவாகின்றன என்பது சிந்திக்கத்தக்க கேள்வியே. உலகின் பழைய துறைமுக நகரங்கள் பலவற்றில் கூரை சரிந்த பண்டகசாலைகளும், ஓய்ந்துபோன ஆலைகளும் நீர்க்கரையிலே பாழடைந்து நின்றிருக்கின்றன. அவற்றை இடித்துத் தள்ளுவதா, காப்பதா? காப்பதாயின், சுற்றிலும் உள்ள பழம்பெரும் நகர்ப்பகுதிக்கு ஏற்றவாறு எவ்வாறு காப்பது? எல்லாவற்றுக்கும் மேலாக, யாருக்காகக் காப்பது? இங்கிலாந்து நாட்டின் லிவர்பூல் நகரிலுள்ள ஆல்பர்ட் கப்பல்துறையின் வரலாறு இக்கேள்விகள் அனைத்தையும் நம்முன் நிறுத்துகிறது. அவ்வரலாற்றை இம்மாதம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

மெர்சி ஆற்றங்கரையில்

இங்கிலாந்தின் வடமேற்கில் மெர்சி ஆறு கடலோடு கலக்குமிடத்தில் லிவர்பூல் அமைந்துள்ளது. அங்குக் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் சில நாட்களில் ஏறத்தாழ 30 அடி வேறுபடும். ஏற்றத்தின்போது மிதந்து வந்த கப்பல், வற்றத்தின்போது சேற்றில் சாய்ந்துவிடும். எனவே கரையோரத்தில் பெரும் குளம்போல் வெட்டி, சுற்றிலும் கற்சுவர் எழுப்பி, வாயிலில் மதகுக் கதவுகள் பொருத்தி, உள்ளே நீர்மட்டம் குறையாமல் காத்தனர். இத்தகைய அடைப்புக் கப்பல்துறை ஒன்று வாணிகக் கப்பல்களுக்கென லிவர்பூலில் 1715-ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. அதன் பின்னர் ஆற்றங்கரை நெடுகிலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கப்பல்துறைகள் எழுந்தன.

கப்பலுக்கு இடம் கிடைத்தது, சரக்குக்குத்தான் பாதுகாப்பில்லை. இறக்கிய பொருள்கள் கரையிலே திறந்தவெளியில் கிடந்தன. அங்கிருந்து வண்டிகளில் ஏற்றி நகருக்குள் இருந்த தனியார் கிடங்குகளுக்குக் கொண்டுபோவதற்குள் திருட்டினால் ஏற்பட்ட இழப்பு பெரிது. கிடங்குகளோ மரத் தளமும் மரத் தூணும் கொண்டவை. பஞ்சும், சர்க்கரையும், சாராயமும் நிறைந்த அக்கிடங்குகளில் ஒரு பொறி விழுந்தால் போதும். தெருவே எரிந்து சாம்பலாகும்.

இதற்கு ஒரு முடிவு காண முற்பட்டவர் ஜெஸ்ஸி ஹார்ட்லி. யார்க்ஷயரில் பாலம் கட்டும் கல்தச்சர் குடும்பத்தில் பிறந்த இவர், 1824 முதல் 1860-இல் தாம் இறக்கும் வரை லிவர்பூல் கப்பல்துறைகளின் பொறியாளராகப் பணியாற்றினார். சிறு மாதிரிக் கட்டடங்களை எழுப்பி, அவற்றுக்குத் தாமே தீ மூட்டி, எது தாங்குகிறது, எது சரிகிறது என்று சோதித்துப் பார்த்தார். அச்சோதனையின் பயனாகவே, கட்டட அமைப்பில் மரத்தை அறவே நீக்கி, கருங்கல், செங்கல், இரும்பு ஆகியவற்றை மட்டும் கொண்டு பண்டகசாலைகளைக் கட்ட முடிவு செய்தார்.

1841-ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. விக்டோரியா அரசியாரின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் 1846-ஆம் ஆண்டு சூலை 30-ஆம் நாள் 'ஃபேரி' என்னும் அரச படகில் உள்ளே வந்து கப்பல்துறையைத் திறந்து வைத்தார். பண்டகசாலைகள் அடுத்த ஆண்டிலேதான் முடிவடைந்தன.

நடுவே நீர், நாற்புறமும் ஐந்தடுக்குச் செங்கற் கட்டடங்கள். நீரை நோக்கிய பக்கத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு மேற்பட்ட பருத்த வார்ப்பிரும்புத் தூண்கள் வரிசையாக நின்று மேலுள்ள சுவரைத் தாங்குகின்றன. இடையிடையே அகன்ற வளைவுகள். பாரந்தூக்கியின் கை தடையின்றிச் சுழல்வதற்காக விடப்பட்ட வெளி அது. உள்ளே இரும்புத் தூண்களின்மேல் செங்கல் வளைவுத் தளங்கள். கூரையும் தேனிரும்புத் தகடுகளை இணைத்துச் செய்யப்பட்டதே. கப்பல் சுவரருகே வந்து நின்றதும் சரக்கை நேரே பண்டகசாலைக்குள் ஏற்றிவிடலாம். 1848-இல் நீரழுத்தத்தால் இயங்கும் பாரந்தூக்கிகள் பொருத்தப்பட்டன. பண்டகசாலையில் அத்தகைய கருவிகள் பயன்பட்டது உலகிலேயே அதுதான் முதன்முறை என்பர். பஞ்சு, தேயிலை, பட்டு, தந்தம், புகையிலை, சர்க்கரை, பிராந்தி எனப் பல நாட்டுப் பொருள்கள் அங்குத் தங்கின.

அலங்காரம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. அந்நகரின் வரலாற்றை எழுதிய கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் பிக்டன் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதனை அழகற்ற வெறும் செங்கற் குவியல் என்று பழித்தார். இன்றோ அதன் எளிமையையே அதன் அழகு எனப் போற்றுகின்றனர். வேலைக்கென்று கட்டப்பட்டது, வேலையை மறைக்காமல் நிற்கிறது. கட்டடத்துக்கு அதுவும் ஒருவகை நேர்மையன்றோ?

அதே கரை, அதே ஆண்டு

பண்டகசாலைகள் கட்டி முடிக்கப்பட்ட 1847-ஆம் ஆண்டை கத்தோலிக்கராகிய நாம் மற்றொரு காரணத்துக்காகவும் நினைவில் கொள்ளவேண்டும்.

அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயினால் அழிந்து, கொடிய பஞ்சம் தலைவிரித்தாடிய காலம் அது. அவ்வோராண்டில் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் அயர்லாந்து மக்கள் கப்பல்களில் லிவர்பூல் வந்து இறங்கினர். பலர் அமெரிக்காவுக்குப் பயணம் தொடர்ந்தனர். கட்டணம் செலுத்த இயலாதோர் அங்கேயே தங்கினர். தங்குவதற்கு அவர்களுக்குக் கிடைத்தவை காற்றும் ஒளியும் புகாத நிலவறைகளும், நெரிசல் மிகுந்த முடுக்குகளுமே. பசியால் மெலிந்திருந்த உடல்களை நச்சுக் காய்ச்சல் எளிதிற் பற்றிக்கொண்டது. அயர்லாந்துக் காய்ச்சல் என்றே நகரத்தார் அதற்குப் பெயரிட்டு அஞ்சி விலகினர்.

விலகாதவரும் இருந்தனர். நோயாளிகளைத் தேடி நிலவறைகளுக்குள் இறங்கி, இறுதி அருட்சாதனங்களை வழங்கிய கத்தோலிக்கக் குருக்கள் பத்துப் பேர் அதே காய்ச்சலுக்குப் பலியாயினர். தெற்கு லிவர்பூலில் புனித பேட்ரிக் ஆலயத்தின் முன் நிற்கும் கற்சிலுவை அப்பதின்மரின் நினைவாக எழுப்பப்பட்டதாகும்.

பஞ்சுப் பொதிக்கு மழையும் தீயும் அணுகாத மாளிகை. மனிதனுக்கு ஈரம் கசியும் நிலவறை. இரண்டும் ஒரே நகரில், ஒரே ஆண்டில். ஆல்பர்ட் கப்பல்துறையின் சிறப்பைப் பேசுவோர் இதனையும் சேர்த்தே பேசுதல் முறை. ஹார்ட்லியின் திறமையை இது குறைக்கவில்லை; அத்திறமை எதற்குச் செலவிடப்பட்டது, எதற்குச் செலவிடப்படவில்லை என்பதையே காட்டுகிறது.

சேறு மூடிய காலம்

நூறு தலைமுறைக்கு நிற்கும்படி கட்டியதற்கு இருபது ஆண்டுகளிலேயே வேலை குறையத் தொடங்கியது. பாய்மரக் கப்பல்களை மனத்திற்கொண்டு அமைத்த வாயில் குறுகியது. நீராவிக் கப்பல்களோ ஆண்டுக்காண்டு பெரிதாகி வந்தன. அவை வடக்கேயிருந்த புதிய கப்பல்துறைகளை நாடிச் சென்றன. 1920-ஆம் ஆண்டளவில் ஆல்பர்ட் கப்பல்துறைக்குள் வணிகக் கப்பல்கள் வருவது ஏறத்தாழ நின்றேவிட்டது. பண்டகசாலைகள் மட்டும் கிடங்குகளாக உதவின.

இரண்டாம் உலகப் போரில் கடற்படை அவ்விடத்தை எடுத்துக்கொண்டது. 1941-ஆம் ஆண்டு மே மாதத்தில் செருமானிய விமானங்கள் லிவர்பூல்மீது தொடர்ந்து குண்டு வீசியபோது பண்டகசாலைகளின் சில பகுதிகள் சிதைந்தன. போருக்குப் பின் அவற்றைச் செப்பனிடப் பணமும் இல்லை, தேவையும் இல்லை. 1952-இல் அரசு அக்கட்டடங்களை முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. எனினும் பட்டியலில் ஏறிய பெயர் ஒழுகும் கூரையை அடைத்துவிடாது.

1972-இல் நகரின் தெற்குக் கப்பல்துறைகள் மூடப்பட்டன. மதகுகள் காவலின்றி விடப்பட்டதால் கடலேற்றம் வந்து வந்து போயிற்று. வரும்போதெல்லாம் வண்டலைக் கொணர்ந்து கொட்டிவிட்டுச் சென்றது. நகரின் கழிவும் அதனோடு கலந்தது. ஒரு காலத்தில் கீழ்த்திசைப் பட்டும் தேயிலையும் வந்திறங்கிய நீர்த்தேக்கம் பல அடி ஆழத்துக்கு நாற்றமெடுக்கும் சேறாயிற்று. அதைச் சுற்றிலும் கண்ணாடி உடைந்த சாளரங்கள், துருவேறிய தூண்கள், வெடிப்புகளில் வேர்விட்ட செடிகள்.

கட்டடம் மட்டுமா கைவிடப்பட்டது? சரக்குகள் பெட்டகங்களில் வரத் தொடங்கிய பின் துறைமுகத் தொழிலாளரின் தோளுக்கு வேலையில்லாமற் போயிற்று. 1931-இல் 8 இலட்சத்தைத் தாண்டியிருந்த நகரின் மக்கள்தொகை 1981-இல் 5 இலட்சமளவுக்குச் சுருங்கியது. தந்தை, பாட்டன், பூட்டன் எனத் தலைமுறை தலைமுறையாகக் கப்பல்துறையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள், பெரும்பாலும் அந்த அயர்லாந்து அகதிகளின் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பங்கள், வேலை தேடும் வரிசையில் நின்றன.

இடிப்பதா, காப்பதா?

பாழடைந்த கட்டடத்தைப் பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் தெரிவது நிலத்தின் விலை. பண்டகசாலைகளை இடித்துவிட்டு வானளாவும் அலுவலகக் கோபுரங்களை எழுப்பும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. நீர்த்தேக்கத்தை இடிபாடுகளால் தூர்த்துவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது. கல்வி நிலையம் ஒன்றை அங்குக் கொண்டுவரலாம் எனவும் பேசப்பட்டது. ஒவ்வொன்றும் பணமின்மையாலோ, எதிர்ப்பினாலோ கைகூடவில்லை. 1976-இல் அப்பகுதி முழுவதும் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அதனால் ஒரு கட்டடத்தை மட்டும் தனித்துப் பார்க்காமல், நீர், சுவர், பாலம், தெரு ஆகிய அனைத்தையும் ஒரே உடலாகக் கருதவேண்டிய கடமை ஏற்பட்டது.

1981-ஆம் ஆண்டு மார்ச்சில் மெர்சிசைடு வளர்ச்சிக் கழகத்தை அரசு நிறுவியது. கைவிடப்பட்ட கப்பல்துறை நிலங்களைச் சீரமைப்பதே அதன் பணி. அவ்வாண்டு சூலையில், கப்பல்துறையிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள டாக்ஸ்டெத் பகுதியில் பெருங்கலவரம் மூண்டது. வேலையின்மையும், கறுப்பின இளைஞருக்கும் காவல்துறைக்கும் இடையே நெடுநாள் புகைந்த பகையும் ஒன்றுசேர்ந்து தீயாயின. கட்டடங்கள் எரிந்தன, நாடே அதிர்ந்தது.

இந்நகருக்குப் பெரும்பணம் செலவிடுவது வீண் என்று கருதியோர் அன்றைய அமைச்சரவையிலேயே இருந்தனர். நிதியமைச்சர் ஜெஃப்ரி ஹௌ அத்தகைய கருத்தை எழுத்திலேயே தெரிவித்திருந்தார் என்பது, 30 ஆண்டுகள் கழிந்து 2011-ஆம் ஆண்டின் இறுதியில் அரசு ஆவணங்கள் வெளியானபோது தெரியவந்தது. மற்றோர் அமைச்சரான மைக்கேல் ஹெசல்டைன் அதற்கு உடன்படவில்லை. அவர் லிவர்பூல் சென்று, தெருத்தெருவாக நடந்து, மக்களிடம் கேட்டறிந்து, நகரைக் கைவிடலாகாது என்று வாதாடினார். ஆல்பர்ட் கப்பல்துறையின் புதுவாழ்வு இந்த வாதத்தின் ஒரு பகுதியாகவே தொடங்கிற்று. பாழடைந்த கட்டடத்தைப் பற்றிய கேள்வி, மெய்யாகவே பாழடைந்த நகரைப் பற்றிய கேள்வியாக இருந்தது.

சீரமைத்த முறை

முதலில் சேற்றை வாரினர். எந்தக் கட்டடக் கலைஞரும் புகழ் பெறாத வேலை அது. ஆனால் அதுவே அடிப்படை. நீர் மீண்டும் நிரம்பாவிட்டால் ஆல்பர்ட் கப்பல்துறை வெறும் பள்ளத்தைச் சுற்றிய சுவராகவே இருந்திருக்கும். புதிய மதகுகள் பொருத்தப்பட்டன, பாலங்கள் செப்பனிடப்பட்டன. சுவர்களை ஆராய்ந்தபோது, 140 ஆண்டுக்காலம் கடலோடு போராடியும் ஹார்ட்லியின் வேலை பெரிதும் உறுதியாகவே நின்றது கண்டு பொறியாளர்கள் வியந்தனர்.

பொதுப்பணம் நீரையும் சுவரையும் புறக்கட்டையும் சீராக்கியது. உட்பகுதிகளைப் பயனுக்குக் கொணரும் பொறுப்பைத் தனியார் முதலீட்டாளர் ஏற்றனர். குண்டுவீச்சில் சிதைந்த பகுதிகள் பழைய உருவத்துக்கு இசையச் சீர்செய்யப்பட்டன. தரைத்தளத்தில் கடைகள் வந்தபோது, அவற்றின் கண்ணாடி முகப்புகள் இரும்புத் தூண்களுக்குப் பின்னே தள்ளி அமைக்கப்பட்டன. ஆதலால் நீருக்கு அப்பாலிருந்து நோக்குவோர்க்கு இன்றும் முதலில் தெரிவது தூண் வரிசையே, கடைப்பலகை அன்று.

1984-ஆம் ஆண்டு ஆகத்தில் பெரும் பாய்மரக் கப்பல்களின் அணிவகுப்பு லிவர்பூல் வந்தது. அதற்குள் ஒரு பண்டகசாலையின் சீரமைப்பு முடிக்கப்பட்டிருந்தது. நான்கு நாட்களில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் ஆற்றங்கரையில் திரண்டனர். பல்லாண்டுகளாக வேலியடைத்துக் கிடந்த இடத்துக்குள் நகரத்தார் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். கடல்சார் அருங்காட்சியகம் மற்றொரு பண்டகசாலையில் குடியேறியது. 1988-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள், அன்று இளவரசராயிருந்த சார்லஸ் கப்பல்துறையை முறைப்படி மீண்டும் திறந்து வைத்தார். அதே மாதத்தில், கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ஸ்டெர்லிங் அமைத்த டேட் கலைக்கூடமும் அங்குத் திறக்கப்பட்டது. அவர் வெளிச்சுவரை ஏறக்குறையத் தொடவேயில்லை. தூண்களுக்குப் பின்னே நீலமும் செம்மஞ்சளுமான சில பலகைகளைச் சேர்த்ததோடு அமைந்தார். அப்பலகைகள் பழையவைபோல் நடிக்கவில்லை. பழையதை மறைக்கவும் இல்லை.

இதன் பின்னே ஒரு கொள்கை உண்டு. 1964-ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் கூடிய கட்டடக் கலைஞரும் வல்லுநரும் பழம்பெரும் கட்டடங்களைக் காப்பதற்கான நெறிமுறைகளை வகுத்தனர். கட்டடத்துக்குச் சமுதாயப் பயனுள்ள ஒரு வேலை இருப்பது நன்று. ஆனால் அவ்வேலைக்காக அதன் அமைப்பைக் குலைத்தல் ஆகாது. இழந்த பகுதிக்கு மாற்றாக வைப்பது முழுமையோடு இசையவேண்டும்; அதே வேளையில், புதிது புதிதென்றே அடையாளம் தெரியவேண்டும். போலியாகப் பழமை பூசுவது வரலாற்றைப் பொய்யாக்கும் என்பது அவர்தம் கருத்து.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடைபெற்று வந்த காலம் அது. திருச்சபையும் அப்போது இதே போன்ற கேள்வியோடு போராடிக்கொண்டிருந்தது என்பதை நினைக்கும்போது நமக்கு வியப்பு மேலிடுகிறது. ஊற்றுக்குத் திரும்பிச் செல்லாத புதுமை வேரற்றது. இன்றைய மனிதனுக்குப் பணி செய்யாத பழமையோ அருங்காட்சிப் பொருள்.

கல்லுக்கு மட்டுமா?

கல்லைச் சீராக்குவது எளிது. மனிதரிடையே முறிந்த உறவைச் சீராக்குவது அரிது. லிவர்பூலில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டாண்டினரும் பல்லாண்டுகளாகத் தெருப்பிரித்து வாழ்ந்தவர்கள். ஊர்வலங்கள் கல்லெறியில் முடிந்த காலமும் உண்டு. 1975-இல் ஆங்கிலிக்கன் ஆயராக வந்த டேவிட் ஷெப்பர்டும், 1976-இல் கத்தோலிக்கப் பேராயராக வந்த டெரக் வோர்லாக்கும் இந்நிலையை மாற்ற உறுதி பூண்டனர். வேலையின்மையைப் பற்றியும், வறியோர் வாழும் பகுதிகளைப் பற்றியும் இருவரும் ஒரே குரலில் பேசினர். கலவர நாட்களிலும் டாக்ஸ்டெத் மக்களோடு நின்றனர்.

1982-ஆம் ஆண்டு மே 30, பெந்தகோஸ்தே ஞாயிறு. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் லிவர்பூல் வந்தார். முதலில் ஆங்கிலிக்கன் பேராலயத்திலும், பின்னர்க் கத்தோலிக்கப் பேராலயத்திலும் மக்களைச் சந்தித்தார். இரு பேராலயங்களையும் இணைக்கும் தெருவின் பெயர் நம்பிக்கைத் தெரு. பேராலயங்கள் எழுவதற்கு நெடுநாள் முன்னரே இடப்பட்ட பெயர் அது. பேராயர் வோர்லாக், ஆயர் ஷெப்பர்ட் ஆகிய இருவருக்கும் 2008-இல் அத்தெருவிலேயே நினைவுச்சின்னம் எழுப்பினர்.

ஆல்பர்ட் கப்பல்துறைச் சீரமைப்பைக் குறை கூறுவோர் உண்டு. பண்டகசாலையில் விலைமிகுந்த குடியிருப்புகளும் உணவகங்களும் வந்தன. பண்டம் சுமந்தவனின் பேரனுக்கு என்ன வந்தது என்று அவர்கள் வினவுகின்றனர். நேரிய வினா அது. அருங்காட்சியகத்துக்குள் எவரும் கட்டணமின்றி நுழைய முடிந்தது. கடைகளிலும் விடுதிகளிலும் சிலருக்கு வேலை கிடைத்தது. ஆயினும் நடந்து செல்லும் தொலைவிலுள்ள தெருக்களின் வறுமையைத் தூண் வரிசையின் அழகு போக்கிவிடவில்லை. கட்டடம் எழுந்து நின்றால் நகரம் எழுந்துவிட்டது என்று எண்ணுவது பிழை. கட்டடத்தை இடித்திருந்தால் அவ்வறுமை நீங்கியிருக்கும் என எண்ணுவதும் பிழையே.

மறைக்கப்படாத நினைவு

சீரமைப்பில் இன்னொரு சோதனையும் உண்டு. பெருமையை மட்டும் மெருகிட்டு வைத்து, சிறுமையைச் சுண்ணாம்பால் பூசிவிடலாம். லிவர்பூலுக்கு அந்தச் சோதனை பெரிதாகவே இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் அடிமை வாணிகத் துறைமுகங்களுள் முதலிடம் பெற்றது அந்நகரம். பிரித்தானியா 1807-இல் அடிமை வாணிகத்தைத் தடை செய்த பிறகே ஆல்பர்ட் கப்பல்துறை கட்டப்பட்டது. ஆனால் அங்கு வந்து குவிந்த அமெரிக்கப் பஞ்சு, அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த 1865-ஆம் ஆண்டு வரை, பெரும்பாலும் அடிமைகளின் கை பறித்த பஞ்சே. கப்பல்துறைக்கு அருகிலுள்ள பழைய உலர்துறைகளில் ஒரு காலத்தில் அடிமைக் கப்பல்கள் பழுதுபார்க்கப்பட்டன.

அவ்வுலர்துறைகளை நோக்கியவாறு நிற்கும் பண்டகசாலையிலேயே 2007-ஆம் ஆண்டு ஆகத்து 23-ஆம் நாள் பன்னாட்டு அடிமைமுறை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தடைச்சட்டத்தின் 200-ஆவது ஆண்டு அது. விரிவாக்கப் பணிக்கென 2025-இன் தொடக்கத்தில் அது மூடப்பட்டது. தன் செல்வத்தின் ஊற்று எதுவென்று ஒரு நகரம் தன் அழகிய கட்டடத்துக்குள்ளேயே அறிவித்தது ஒருவகைப் பாவசங்கீர்த்தனம் எனலாம். மறைத்திருந்தால் கட்டடம் அழகாய்த்தான் இருந்திருக்கும், உண்மையாய் இருந்திராது.

சுற்றுப்புறமும் கட்டடமே

2004-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் ஆல்பர்ட் கப்பல்துறை உள்ளிட்ட லிவர்பூல் துறைமுகப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நகரம் மகிழ்ந்தது. ஆனால் பழையது மீட்கப்பட்டதும் அதன் அருகே நிலம் விலையேறியது. விலையேறியதும் புதியன முளைத்தன. ஆல்பர்ட் கப்பல்துறைக்கு வடக்கே கருநிறப் பெருங்கட்டடங்கள் எழுந்து, பழைய காட்சியை மறைப்பதாகப் பலர் வருந்தினர். வடக்குக் கப்பல்துறைப் பகுதியில் உயர்ந்த கோபுரங்களுக்கான திட்டம் வரவே, 2012-இல் யுனெஸ்கோ லிவர்பூலை ஆபத்துக்குள்ளான இடங்களின் பட்டியலில் வைத்தது. ஹார்ட்லியின் மற்றொரு படைப்பான பிராம்லி-மூர் கப்பல்துறையைத் தூர்த்து எவர்ட்டன் கால்பந்துக் கழகத்துக்கு அரங்கம் கட்டவும் முடிவாயிற்று. 2021-ஆம் ஆண்டு சூலை 21-ஆம் நாள், 5-க்கு எதிராக 13 வாக்குகளால், லிவர்பூலின் பெயர் பாரம்பரியப் பட்டியலினின்று நீக்கப்பட்டது. அவ்வாறு நீக்கப்பட்ட மூன்றாவது இடம் அது. முன்னர் 2007-இல் ஓமன் நாட்டின் மான் சரணாலயமும், 2009-இல் செருமனியின் டிரெஸ்டன் எல்பே பள்ளத்தாக்கும் நீக்கப்பட்டிருந்தன.

நகரத்தார் இதனை ஒப்பவில்லை. வேலையற்றுக் கிடந்த வடக்குக் கரைக்கு வேலையும் மக்களும் வரவேண்டாவா என்று அவர்கள் கேட்டனர். அரங்கம் 2025-இல் திறக்கப்பட்டது. பழையதைப் பேணும் முயற்சியும் நின்றுவிடவில்லை. ஸ்டான்லி கப்பல்துறையில் பாழடைந்து நின்ற ஹார்ட்லியின் பண்டகசாலை 2014-இல் தங்கும் விடுதியாயிற்று. அதன் எதிரே 1901-ஆம் ஆண்டின் மாபெரும் புகையிலைப் பண்டகசாலையும் குடியிருப்பாக மாற்றப்பட்டுள்ளது.

இரு பக்கத்தும் நியாயம் உண்டு. எனினும் ஒன்று தெளிவு. பழைய கட்டடம் ஒன்றை நன்கு காத்துவிட்டு, அதனைச் சுற்றி எதை வேண்டுமானாலும் எழுப்பலாம் என்பது, வீட்டில் முதியவருக்கு நல்லாடை உடுத்திவிட்டு அவர் பார்வையை மறைத்துச் சுவர் எழுப்புவதற்கு ஒப்பாகும். பழம்பெரும் வட்டாரத்துக்கு இசைதல் என்பது அண்டை வீட்டாரோடு வாழும் பண்பு. அது செங்கல்லின் நிறத்தோடு முடிவதன்று.

நமக்கும் ஒரு சொல்

தொலைநாட்டுத் துறைமுகக் கதை நமக்கெதற்கு என வாசகர் கேட்கலாம். நம் பங்குகளிலும் பழைய ஆலயம், பாட்டனார் கட்டிய பள்ளி, தூர்ந்த குளம், ஓட்டு வீடு என எத்தனையோ உள்ளன. 'இடித்துவிட்டுப் புதிதாய்க் கட்டுவோம்' என்ற சொல் எளிதில் வாயில் வருகிறது. சில வேளைகளில் அதுவே தேவையாகவும் இருக்கலாம். ஆனால் அச்சொல்லுக்கு முன்னே மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்வோம். சுவர் உண்மையாகவே நலிந்துவிட்டதா, அல்லது நாம்தாம் சேற்றை வாரவில்லையா? இது சொல்லும் வரலாற்றை, அது நமக்கு நாணம் தருவதாயினும், நம் பிள்ளைகள் அறியவேண்டாவா? சீரமைத்தால் அதன் வாயில் ஏழைக்கும் திறந்திருக்குமா?

உவமையில் வரும் செல்வன் தன் களஞ்சியத்தைத் தனக்கென்றே கட்டினான். மெர்சி ஆற்றங்கரைக் களஞ்சியமும் முதலில் அவ்வாறே எழுந்தது. அடிமைத்தனத்தின் துயரத்தை மறவாதிருக்கவும், வேலையற்ற நகரத்தார் தம் பிள்ளைகளின் கைபிடித்து நடக்கவும் அது இடந்தரும் என்று ஹார்ட்லி கனவிலும் கருதியிருக்கமாட்டார். பண்டம் நிறைந்த நாளில் பூட்டியிருந்த வாயில், பண்டம் நீங்கிய பின்னரே மக்களுக்குத் திறந்தது. கைவிடப்பட்டவற்றுக்கும் கைவிடப்பட்டோருக்கும் புதுவாழ்வு தரும் இறைவன், அத்திருப்பணியில் நம் கைகளையும் பயன்படுத்த விழைகிறார் என்பதை மறவாதிருப்போமாக.